ஆணுறையும் அப்பாவின் ஐபேடும்

கேள்வி: ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோடு ‘மாஸ்டர் ஆஃப் நன்’ தொடரைப் பார்க்கலாமா?
– வாசகர், பிளெய்ன்ஸ்பரோ

பதில்: முதல் அத்தியாயத்தை அவர்கள் தூங்கியபின் பாருங்கள்; ஆணுறை கிழிவதில்தான் கதையே தொடங்குகிறது. இரண்டாவதைக் கட்டாயம் சேர்ந்து பாருங்கள். அதில் ஐபேடைச் சரிசெய்து தரச் சொல்கிறார் அப்பா. சினிமாவுக்கு நேரமாகிறதென்று நழுவுகிறான், விளம்பர வாய்ப்புகளுக்கு அலையும் நடிகன் தேவ். உடனே அப்பாவின் சிறுவயது திரையில் விரிகிறது. தேவாக நடிக்கும் அசீஸ் அன்சாரியின் பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். தேவின் பெற்றோராக நடித்திருப்பதும் அவர்களே. ‘கூச்சக் காட்சிகளை வெட்டியிருக்கலாமே’ என்பீர்கள். வெட்டினால் தேவ் வெறும் நல்ல பிள்ளை ஆகிவிடுவான். வீட்டில் அவன் எதையெல்லாம் மறைக்கிறான் என்று நமக்குத் தெரிந்திருப்பதால்தான், பெற்றோரிடம் கதை கேட்க உட்காரும்போது நெஞ்சு நெகிழ்கிறது. 2016இல் நகைச்சுவைத் தொடர் எழுத்துக்கான எம்மி விருதை வாங்கியதும் இந்த இரண்டாம் அத்தியாயம்தான்.