உப்பு மலைச் சிப்பிக்குப் பட்டா கொடுத்தது யார்?

கேம்ப்ரியன் காலத்துச் சிப்பியைத் தேடிக் கம்பம் பள்ளத்தாக்குக்கு யாராவது கிளம்பினால், பன்னீர் திராட்சை தின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கடலில் ஓட்டுப் பிராணிகள் தலையெடுத்த காலத்தை ஒட்டி, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், நம்ம தேனிப் பக்கத்துக் கெங்குவார்பட்டிப் பாறைகள் பூமிக்கு அடியில் 900 டிகிரிக்கு மேல் வெந்துகொண்டிருந்தன. அந்தச் சூட்டில் சிப்பி என்ன, சாம்பல்கூட மிஞ்சாது.

கொடுத்து வைத்தது பஞ்சாபின் உப்பு மலை. இன்று பாகிஸ்தானில் இருக்கும் அந்த மலையில் பொடிப்பொடியாய் ஓடுகள் கிடந்தன. 1878இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வின் துரை அந்தப் பாறையடுக்குக்கு 'ஒபோலஸ்' என்று பெயர் வைத்து, கேம்ப்ரியனுக்குப் பிந்திய சைலூரியன் காலத்தில் பட்டாவும் போட்டுக் கொடுத்தார். சிப்பியை யாரும் விசாரிக்கவில்லை.

மேல்முறையீடு பிராகுக்குப் போனது. இந்தியாவில் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பிய வில்ஹெல்ம் வாகன் அங்கே பேராசிரியர். இந்தச் சிப்பி பிராக்கியோபாட் என்னும் ஓட்டுப் பிராணி; மட்டி மாதிரி இடது ஓடு, வலது ஓடு கொண்ட ஜாதி அல்ல. அதற்கு மேல் ஓடு, கீழ் ஓடு. உள்பக்கம் தசை பிடித்திருந்த தழும்புகள்தான் அங்க அடையாளம். 1885இல் வாகன் தீர்ப்பு எழுதினார்: ஒபோலஸ் வீட்டுப் பிள்ளை இல்லை, இது தனிப் பேரினம், பெயர் 'நியோபோலஸ் வார்த்தி'. உப்புச் சுரங்க வேலைக்கு நடுவே கல் பொறுக்கித் தந்த வார்த் துரைக்குக் கூலி, அந்தப் பின்பாதிப் பெயர்.

மறு வருஷம், கம்பம் பள்ளத்தாக்குக்கு வரும் பெரியாற்றுத் தண்ணீருக்கு 999 வருஷக் குத்தகை கையெழுத்தானது. இன்றைக்கும் நாம் வாய் பிளக்கும் கணக்கு அது. 51 கோடி வருஷம் கிடந்த சிப்பிக்கு அது மத்தியானத் தூக்கம்.

காலத் தகராறு பிறகும் ஓய்ந்தபாடில்லை. அதே மலையில் டிரைலோபைட் என்னும் பழங்காலக் கணுக்காலிகளின் புதைபடிவங்கள் சாட்சிக்கு வந்தன. 1899இல் ரெட்லிக் என்ற ஆய்வாளர் அவற்றை விவரித்து, எல்லாம் கேம்ப்ரியன் கும்பல் என்று எழுதினார். சைலூரியன் பட்டா செல்லாமல் போயிற்று.

2020இல் சீனாவின் யூனானிலிருந்து நியோபோலஸின் பங்காளி ஒருவர் ஆய்விதழுக்கு வந்தார். ஓட்டின் மேல் வரிசையாகப் புழுக்குழாய்கள். சிப்பி உறிஞ்சும் நீரோட்டத்தின் பக்கமே எல்லாக் குழாய்களும் வாய் திறந்திருந்தன. குழாய் ஒட்டிய சிப்பிகள் ஒட்டாதவற்றைவிட இளைத்திருந்தன. பெயரும் காலமும் மாற்றி மாற்றி எழுதிய மேதாவிகள் யாரும் காதில் வாங்காத புகார் கடைசியில் பதிவாயிற்று: "ஐயா, என் சோற்றில் ஒருத்தன் ஓசியில் கை வைக்கிறான்!"