வாணலியியல்: ஃப்ரெஞ்சு ஃப்ரைஸ் மொறுமொறுப்பு பற்றி ஒரு சிற்றாய்வு

மொறுமொறுப்பைப் பற்றி எழுந்த நூல்கள் குறைவு, பூசல்கள் மிகுதி. அவற்றுள் முதற்பூசல் பாத்திரம் பற்றியது. டீப் ஃப்ரையர் இல்லாத வீட்டில் ஃப்ரெஞ்சு ஃப்ரைஸ் கைகூடாது என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? அக்கருவியைப் பிரித்துப் பார்த்தால் ஓர் எண்ணெய்ச் சட்டி, ஒரு கம்பிக்கூடை, சூட்டை ஒரே நிலையில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஆகிய மூன்றே தேறும். முதலாவது வாணலி. இரண்டாவது ஜல்லிக்கரண்டி. மூன்றாவதன் வேலையை அடுப்புத் திருகின்மேல் ஒரு கையை வைத்தபடி நிற்பவர் சம்பளமின்றிச் செய்துவருவதை, பஜ்ஜி சுட்ட எவரும் அறிவர்.

இனி ஆய்வுப்பொருளின் இயல்பு. உருளைக்கிழங்கில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை அவ்விடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது; தாண்டாதவரை பொன்னிறமும் வராது. ஆகவே துண்டின் உள்ளே மாவு வெந்து குழைய வேண்டும், வெளியே ஓர் ஓடு உலர வேண்டும். சூடான எண்ணெயில் ஒரே மூச்சில் போட்டால் ஓடு கருகும்போது உள்ளே பச்சையாக இருக்கும்.

இச்சிக்கலைப் பெல்ஜியக் கட்சி இரட்டைப் பொரிப்பால் தீர்க்கிறது. 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒருமுறை வேகவைத்து, ஆறவிட்டு, 180 டிகிரியில் மறுமுறை முறுகவிடுவர். பிரிட்டனில் ஹெஸ்டன் புளூமென்தால் என்ற சமையற்கலைஞர் அதற்கு முன்னே தண்ணீரில் வேகவைப்பதையும் சேர்த்து மூன்றாக்கினார். கடையில் வாங்கும் உறைந்த பாக்கெட்டின் முதற்பொரிப்பு தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. 'வீட்டில் செய்தேன்' என்று மார்தட்டுவோர் செய்தது இரண்டாம் பாதி மட்டுமே. (இந்த உணவு யாருடையது என்று பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் இடையிலான வாய்வழக்கு இன்னும் தீரவில்லை. பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு.)

சோம்பேறிகளுக்கும் தனி மரபுண்டு. அதன் ஆசிரியர் சாதாரணர் அல்லர். பிரெஞ்சுச் சமையல் மேதை ஜோயல் ரோபுஷான் கிழங்குத் துண்டுகளைக் குளிர்ந்த எண்ணெயில் போட்டு, அதன்பின் அடுப்பை ஏற்றும் முறையைக் கையாண்டார். ஜெஃப்ரி ஸ்டைன்கார்டன் என்ற அமெரிக்க உணவு எழுத்தாளர் அதை எழுதிப் பரப்பினார். சூடு மெல்ல ஏறுகையில் கிழங்கு வெந்துவிடுகிறது. தண்ணீர் வற்றிய பிறகு அதே எண்ணெயில் முறுகுகிறது. இரண்டு பொரிப்பும் ஒரே சட்டியில், இடைவேளையின்றி.

செய்முறை வருமாறு. அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த கனத்தில் நறுக்கி, கழுவி, துணியில் ஈரம் போக ஒற்றவும். அகன்ற வாணலியில் இட்டு, மூழ்குமளவு கடலையெண்ணெய் ஊற்றவும். பொங்கும், ஆகவே வாணலி பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. கொதி வந்தபின் கால் மணி நேரம்வரை கரண்டியைத் தொடாதிருப்பதே இம்முறையின் கடுந்தவம். முன்னதாகக் கிளறினால் துண்டுகள் உடைந்து மசியலாகும்.

எந்தக் கிழங்கு? பதினொரு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போட்டால் மாவுக்கிழங்கு மூழ்கும், நீர்க்கிழங்கு மிதக்கும். பெல்ஜிய முறைக்கு மூழ்குவதே உகந்தது. கிழங்கு மிதந்தவர் மனந்தளர வேண்டியதில்லை: குளிர்ந்த எண்ணெயில் மாவு குறைந்த கிழங்கே நன்றாக வருகிறது, மாவு மிகுந்தது தோல்போல் இறுகிவிடும். ஃப்ரிட்ஜில் கிடந்த கிழங்கை மட்டும் இரு கட்சியாரும் விலக்குவர். குளிரில் மாவு சர்க்கரையாகி, வேகுமுன் கறுத்துவிடும். 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வறுத்த கிழங்கில் கண்டறிந்த அக்ரிலமைடு என்ற தீங்கான வேதிப்பொருளும் அதனால் கூடும்.

உப்பு, வடித்த சூட்டோடு. அடுத்துவரும் பிழை ஹாட்பாக். விருந்தாளி வரும்வரை மூடிவைத்தால் உள்ளிருந்து எழும் ஆவி, அரும்பாடுபட்டு உலர்த்திய ஓட்டை நனைத்துவிடுகிறது. ஆதலின் விருந்தாளியை முதலில் உட்காரவைத்து, பிறகே அடுப்பைப் பற்றவைப்பது முறை. ஏறக்குறைய அரைமணி நேரம் பிடிக்கும். அதுவரை பேசப் பெல்ஜிய வழக்கு இருக்கிறது.