நுங்கு வண்டிக்கு என்ன பெட்ரோல்?

கேள்வி: கையடக்கத் திரையில் உலகமே ஓடுகிறது. நுங்கு வண்டியை நினைத்து இன்னும் ஏன் ஏங்குகிறீர்கள்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்த வண்டிக்குப் பெட்ரோலே நுங்குதானே! இரண்டு காயிலும் மூன்று கண்ணையும் பெருவிரலால் நோண்டித் தின்றால் டாங்க் நிரம்பிவிடும். மிச்சமான காய்கள் இரண்டும் சக்கரம். நடுவே ஒரு குச்சி அச்சு. கவட்டைக் கம்பை அதில் கொடுத்துத் தள்ளினால் தெருவே நம்முடையது. எஞ்சின் சத்தம் வாயிலிருந்து வரும், ஹாரனும் அங்கேயேதான். நாலு நாளில் சக்கரம் வாடிச் சுருங்கிவிடும். அதனாலென்ன, அடுத்த குலை இறங்கினால் புது வண்டி!

நாம் படித்த படக்கதையும் அந்த வண்டி மாதிரித்தான், எஞ்சின் நாமேதான். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, மின்சாரம் பாய்ந்ததும் மறைந்துபோவார். இரும்புக்கை மட்டும் தெரியும். அசையாத அந்தப் படங்களை ஓடவைத்தது படித்த பிள்ளைகள்தான். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் நடந்த சண்டையை யாரும் வரையவில்லை, நாங்கள் முழுசாகப் பார்த்தோம். இன்றைய கார்ட்டூன் அந்த இடைவெளியையும் நிரப்பிவிடுகிறது. என் ஏக்கமெல்லாம் அந்த இடைவெளிக்குத்தான். இந்தக் கோடையில் நுங்கு வாங்கினால் காயோடு வாங்குங்கள், ஐயா. கம்பைப் பிள்ளைகளே தேடிக்கொள்வார்கள்.