மறந்துபோன பிரீமியம்

கேள்வி: 2024-25 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கை ஆகஸ்டிலேயே தாக்கல் செய்துவிட்டேன். அப்பா அம்மாவுக்குக் கட்டிய மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 18,000 ரூபாயைக் காட்ட மறந்தது இப்போதுதான் உறைக்கிறது. திருத்திப் போடவா, தர்மக் கணக்கில் எழுதிவிடவா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: தர்மத்துக்கே 80ஜி ரசீது கேட்கிற காலம் இது. அரசுக்கு விட்டுக்கொடுத்தால் அதுவும் கிடைக்காது!

முதலில், எந்த முறையில் தாக்கல் செய்தீர்கள்? புதிய முறை என்றால் 80டி கழிவே இல்லை. நீங்கள் மறந்ததில் நஷ்டமும் இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள். பழைய முறையில் 20 சதவீத வரி கட்டுபவர் என்றால், செஸ்ஸோடு சேர்த்து 3,744 ரூபாய் திரும்பி வரும். ஒரு சாயங்கால வேலைக்கு மோசமில்லாத கூலி.

139(5) பிரிவின்படி 2025 டிசம்பர் 31 வரை கட்டணமில்லாமல் திருத்தலாம். பழைய ஒப்புகை எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு முழுக் கணக்கையும் மறுபடி போடுங்கள். 30 நாளுக்குள் மின்சரிபார்ப்பை முடியுங்கள்.

'அவசரமென்ன, நான்கு ஆண்டு அவகாசமுள்ள புதுப்பித்த கணக்கு இருக்கிறதே' என்று தள்ளிப்போடாதீர்கள். அதில் கூடுதல் வரி கட்டலாம், ரீஃபண்ட் கேட்க முடியாது. கொடுப்பதற்கு நான்கு ஆண்டு, வாங்குவதற்கு டிசம்பர்!

கடைசியாக ஒன்று: பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டியிருந்தால் கழிவு கிடையாது. 'நல்ல பிள்ளை' என்ற பெயர் மட்டும் ரொக்கத்துக்கும் உண்டு.