டெய்ரி சர்க்கிளுக்கு இரண்டு டிக்கெட்

பெங்களூருக்காரர்கள் நம் ஊர்ப் பெயரை ஒரு சாலைக்கு வைத்திருக்கிறார்கள்: ஓசூர் ரோடு. அந்த ரோட்டில்தான் நிம்ஹான்ஸ் இருக்கிறது. 1974இல் உருவான தேசிய நிறுவனம். மனநோய்க்கு நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வந்து சேரும் இடம். ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. சில்க் போர்டு நெரிசலில் மாட்டாமல் போனால் (போக முடியாது, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்) ஒரு மணி நேரம். நம் ஊர்ப் பெயரையே விலாசத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரி உட்கார்ந்திருக்கிறது. நாம் வண்டி பிடித்துப் போவது கொள்ளேகாலுக்கு.

கொள்ளேகால் தெரியாத வீடு இந்த வட்டாரத்தில் கிடையாது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால், கர்நாடகத்தில், மாந்திரீகத்துக்குப் பேர்போன ஊர். நம்முடையது தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நாலு மொழி புழங்கும் மண். பக்கத்து வீட்டுச் சண்டை எதற்காக என்பதுகூடச் சில நாள் புரியாது. ஆனால் ஒரு பையன் மூன்று இரவு தூங்காமல் சுவரோடு பேச ஆரம்பித்தால் போதும், தளியிலிருந்து சூளகிரி வரை நாலு மொழிக்காரரும் ஒரே தீர்ப்பு: "யாரோ வெச்சுட்டாங்க." மொழிவாரி மாநிலப் பிரிவினை தோற்றுப்போன ஒரே துறை இதுதான்.

இதில் சட்ட வேடிக்கை வேறு. பேய் ஓட்டுகிறேன் என்று ஆளைக் கட்டிவைத்து அடிப்பதைத் தண்டிக்க கர்நாடக அரசு 2017இல் தனிச்சட்டம் இயற்றி, 2020 ஜனவரியில் அமலுக்குக் கொண்டுவந்தது. கொள்ளேகால் அந்தச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது, சௌக்கியமாக. பெரியார் பிறந்த இந்தப் பக்கம் அப்படியொரு தனிச்சட்டமே இல்லை. சிலை வைத்தாகிவிட்டது, சட்டம் எதற்கு என்று விட்டுவிட்டோம் போலிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. பையன் சிஎன்சி ஆபரேட்டர், கான்ட்ராக்ட். மூன்று வாரம் தொடர்ந்து நைட் ஷிப்ட். நாலாவது வாரம் கம்பெனியையே தான் விலைக்கு வாங்கப்போவதாகச் சொல்லி, செக்யூரிட்டிக்கு அங்கேயே சம்பள உயர்வு அறிவித்துவிட்டான். இருமுனைக் கோளாறு உள்ளவனுக்குத் தூக்கம் கெட்டால் வேகம் கிளம்பும் என்பது மனநல மருத்துவத்தின் அரிச்சுவடி. வீட்டார் வேறு அரிச்சுவடி படித்தவர்கள். மந்திரவாதி வந்தார். வாசற்படிக்கு அடியில் தகடு இருக்கிறது என்றார். தோண்டினார்கள். ஒரு சிமெண்ட் ஓடும் துருப்பிடித்த ஸ்பானர் ஒன்றும் கிடைத்தன. மந்திரவாதி ஸ்பானரை எலுமிச்சம்பழத்தால் தொட்டு எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இதுதான்" என்றார்.

அந்த ஸ்பானரில் பையனின் அண்ணன் வேலை செய்யும் கம்பெனியின் முத்திரை தெளிவாக இருந்தது. அவன்தான் என்றைக்கோ ஜோபியில் போட்டுக் கொண்டுவந்தான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் திருட்டு வெளியே வரும். செய்வினை என்றால் எதிரி வீட்டுக்காரன் அல்லவா திருடன்! ஸ்பானரைச் சிவப்புத் துணியில் சுற்றி ஏரியில் விட்டார்கள். தட்சணைக்கு அம்மாவின் கம்மல் போயிற்று.

அதே பையன் ஓட்டிய மெஷினின் பக்கவாட்டில் ஓர் அட்டை தொங்கும். ஆயில் மாற்றிய தேதி, அடுத்து மாற்றவேண்டிய தேதி, பார்த்தவர் கையெழுத்து. சத்தம் கொஞ்சம் மாறினால் மெயின்டனன்ஸ் ஆள் ஓடி வருவார். மெஷினுக்கு யாரும் வேப்பிலை அடித்ததில்லை. ஆயுதபூஜையன்று பொட்டு வைப்பதோடு சரி.

இனி லித்தியம். போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்ததிலிருந்து டீக்கடையில்கூட லித்தியம் பேசுகிறார்கள். பேட்டரிக்கு உயிர்நாடி, வருங்காலம், வல்லரசு. இந்த லித்தியத்தின் உப்பைத்தான் 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் பித்து வேகத்துக்குக் கொடுத்துப் பலன் கண்டார். இன்றும் இருமுனைக் கோளாறுக்கு முதல் வரிசை மருந்து அது. விலை மலிவு. அவ்வப்போது ரத்தத்தில் அளவு பார்த்துக்கொள்ள வேண்டும், சிறுநீரகத்தையும் தைராய்டையும் கவனிக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் பாருங்கள், ஸ்கூட்டருக்குள் போனால் மாவட்டத்துக்குப் பெருமையான அதே சரக்கு, பையன் வயிற்றுக்குள் போனால் குடும்பத்துக்குக் கேவலம். "காலம் பூரா மாத்திரையா? கிட்னி போயிடுமே!" என்று பதறும் பெரியப்பா இருபது வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிறார். கொள்ளேகால் தீர்த்தத்தில் என்ன கலந்திருந்தது என்று அவர் கேட்டதே இல்லை.

நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் சிகிச்சை கிடைக்காமல் இருக்கிறார்கள். அந்த எழுபது பேர் எங்கே என்று அரசுக்குத் தெரியாவிட்டால் கொள்ளேகாலில் கேட்கலாம். அங்கே கணக்கு சுத்தமாக இருக்கும்.

ஈஎஸ்ஐ என்று தொழிலாளர் காப்பீடு ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நீண்டகால நோய்களுக்கான நீட்டித்த உதவிப் பட்டியலில் காசநோய், புற்றுநோயோடு மனச்சிதைவும் பித்தும்கூட உண்டு. தகுதி இருந்தால் 80 சதவீதச் சம்பளம், இரண்டு ஆண்டு வரைகூட. ஆனால் அதற்குச் சீட்டில் நோயின் பெயர் எழுத வேண்டும். எழுதிய சீட்டு கான்ட்ராக்டர் மேஜைக்கு வரும் என்று தொழிலாளிக்குப் பயம். அதனால் ஓசூரில் யாருக்கும் மனநோய் வருவதில்லை. டைபாய்டு வருகிறது. மஞ்சள்காமாலை வருகிறது. ஒரே ஆளுக்கு வருடம் மூன்று முறை டைபாய்டு. மருத்துவ உலகம் இன்னும் இந்த அதிசயத்தைக் கவனிக்கவில்லை.

டைபாய்டு தீர்ந்ததும் கல்யாணம். "கால்கட்டு போட்டா சரியாயிடும்." பொண்ணு வீட்டில் சொல்லமாட்டார்கள். முதலிரவுக்கு முந்தைய வாரமே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், மருமகள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே. ஒரு தாயின் பாசத்தால் ஒருவன் மீண்டும் பித்தேறுவதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். இந்து திருமணச் சட்டத்தில் கடுமையான மனநோய் விவாகரத்துக்கு ஒரு காரணம். ஊர் கல்யாணத்தையே அந்த நோய்க்கு மருந்தாக எழுதித் தருகிறது. நோயாளி பெண்ணாக இருந்தால் இந்த வைத்தியமும் கிடையாது. தாய் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பாத்திரபண்டத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

சாமி மேல் எனக்குக் கோபமில்லை. நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் குழுவினரும் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய நோயாளிகளை ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தங்கியவர்களுக்கு நோயின் கடுமை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. காரணம் ரகசியமல்ல. அங்கே யாரும் அவர்களை அடிக்கவில்லை, விரட்டவில்லை. கூடவே குடும்பத்தார் இருந்தார்கள். அன்பாக ஒரு மூலையில் உட்கார விட்டதற்கே இவ்வளவு. நாம் அதைக்கூடக் கோயிலுக்குக் கான்ட்ராக்ட் விட்டிருக்கிறோம்.

கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாகிவிட்டது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை, ஏர்வாடி. தனியார் காப்பகத்தின் கொட்டகை பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியில் பூட்டியிருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். பித்துப் பிடித்தவர்களின் கூச்சல் என்பதால் அது கூச்சலாக யார் காதிலும் விழவில்லை. தினமும் கேட்கிற சத்தம்தானே! நாடு அழுதது, காப்பகங்களைப் பூட்டியது, 2017இல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்றது. சட்டத்துக்குப் பயந்து நாம் நைலான் கயிற்றுக்கு மாறிக்கொண்டோம். மாட்டுத் தும்பு வாங்கும் கடையிலேயே கிடைக்கும், மீட்டர் கணக்கில்.

போன மாதம் பெங்களூர் பஸ்ஸில் எனக்கு எதிர் சீட்டில் ஓர் அம்மாவும் இருபத்திரண்டு வயசுப் பையனும். கூட்டம் நெரிந்தது. பையன் மடியில் ஒரு ஃபைல், விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. அம்மா, "டெய்ரி சர்க்கிள் ரெண்டு" என்றார். கண்டக்டர் நல்ல மனுஷர், பல வருட சர்வீஸ். பையனைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார்.

"நிமான்ஸாம்மா? அப்ப அடுத்த ஸ்டாப்பு. வாசல்லயே இறங்கிக்கலாம், நடக்க வேணாம்."

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பினார்கள். பக்கத்தில் நின்றிருந்தவர் தன் குழந்தையை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இல்லப்பா," என்றார் அம்மா. "கித்வாய் போறோம்."

கித்வாய், நிம்ஹான்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கேன்சர் ஆஸ்பத்திரி.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான்."

கண்டக்டர் முகம் வாடிவிட்டது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். குழந்தையை இழுத்துக்கொண்டவர் அம்மாவிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். முன் சீட்டிலிருந்த பெரியவர் எழுந்து, ஜன்னலோரம் காற்று வரும், இங்கே வந்து உட்காரும்மா என்று இடம் கொடுத்தார்.

பையன் ஃபைலைத் திருப்பி, எழுத்து தெரியாதபடி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான்.