திருப்புளிச் சித்தப்பா

தஞ்சாவூர் வட்டாரத்தில் பிள்ளையார் கோயில் இல்லாத தெரு ஒன்றிரண்டு இருக்கலாம். திருப்புளிச் சித்தப்பா இல்லாத தெரு கிடையாது. சொந்தச் சித்தப்பாவாக இருக்க வேண்டும் என்பதில்லை. பாதித் தெரு அவரை அப்படித்தான் கூப்பிடும். பிழைப்பு நெல்; பற்று திருகாணி. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் இவர் டெஸ்டர் வைத்திருப்பார். எந்த வீட்டுக்குப் போனாலும், "வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்து, "பேரிங்கு போயிடுச்சு" என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி வருவதற்குள் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டாராம். "அன்னிக்கே எங்கப்பா சுதாரிச்சிருக்கணும்" என்று சித்தி இன்றைக்கும் சொல்வார்.

பழுதான சாமானைத் திறப்பவர் மெக்கானிக். சித்தப்பாவின் கொள்கை வேறு. திறக்காத சாமான் எல்லாமே பழுதான சாமான்தான். அந்தச் சேதி சாமானுக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அனுபவத்துக்குக் குறைவில்லை. மர்பி ரேடியோவில் கை வைத்துப் பழகியவர். சிங்கப்பூர் டூ-இன்-ஒன் வந்த காலத்தில் அதன் கேசட் பெல்ட்டுக்குப் பதிலாகச் சித்தியின் ரப்பர் பேண்டை மாட்டி, டி.எம்.எஸ். குரலை எஸ்.ஜானகி குரலாக்கியவர். சாலிடேர் டிவியின் பிக்சர் டியூப் அவரைத் திண்ணையிலிருந்து வாசலுக்கு ஒரு தரம் அனுப்பியிருக்கிறது. கரண்ட்டைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர் கடிக்கும் என்பதை அன்று கற்றார். அது ஒன்றுதான் அவர் மறக்காத பாடம். 2006-க்குப் பிறகு இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2011-க்குப் பிறகு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. எந்தக் கழகம் ஆண்டாலும் சித்தப்பாவுக்கு வேலை இருந்தது. அவரளவு கட்சி சார்பற்றுப் பயனடைந்தவர் டெல்டாவில் வேறு யாரும் இல்லை.

இப்படிப்பட்டவர் இருக்கிற தெருவுக்குத்தான் பிளேஸ்டேஷன் 4 என்கிற வீடியோ கேம் பெட்டி வந்து சேர்ந்தது.

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்து வீடுகளில் சிங்கப்பூரில் ஒரு மாமாவோ மச்சானோ இருப்பது சகஜம். அப்படியொரு வீட்டுப் பையனுக்காகத் திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய அட்டைப்பெட்டியில் கோடாலித் தைலத்துக்கும் சாக்லேட்டுக்கும் அடியில் அது இருந்தது. அவன் தாத்தா விலையைக் கேட்டார். இந்தியாவில் 2014 ஜனவரியில் அது விற்பனைக்கு வந்தபோது 39,990 ரூபாய். அந்தப் பருவத்தில் சாதா ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,310 ரூபாய். தாத்தா விரலை மடக்கி, நிமிர்த்தி, "அம்பது மூட்டை" என்றார். அதற்கப்புறம் அந்தப் பெட்டியை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "அம்பது மூட்டைய அணைச்சிட்டு சாப்பிட வாடா" என்பதுதான்.

அம்பது மூட்டைக்கு உரிய மரியாதை வேண்டாமா? கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேசுக்குள் வைத்தார்கள். பாட்டி பின்னிய குரோஷா துணியை மேலே போர்த்தினார்கள். அதன் தலைமேல் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை.

பெட்டியின் கையேட்டில், 5 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தவும் என்று போட்டிருக்கிறது. 35 டிகிரி என்பது இங்கே கத்திரி வெயிலில் காலைப் பலகாரம் முடிகிற நேரம். போதாததற்கு, முதல் வார்ப்பு பிஎஸ்4 விளையாடும்போது சுமார் 150 வாட் இழுக்கும். இரண்டு கூரை விசிறிக்கு ஆகிற மின்சாரம். விசிறியாவது காற்றைத் தள்ளும். இது இழுத்ததையெல்லாம் சூடாகவே திருப்பித் தரும். அந்தச் சூட்டை வெளியே தள்ள உள்ளே ஒரு சின்ன விசிறி இருக்கிறது. சிப்பின் சூடு ஏற ஏற அதன் வேகமும் ஏறும். ஆக, சத்தம் நோயில்லை. பெட்டி மூச்சுக்குத் தவிக்கிறது என்பதற்கு அடையாளம்.

தை, மாசியில் சம்பா அறுப்பு. அறுவடை இயந்திரம் ஊருக்குள் இறங்கினால் வைக்கோல் தூசி வாசல் தாண்டி, திண்ணை தாண்டி, அடுக்களைச் சம்படத்துக்குள்ளேயே போகும், ஷோகேஸ் எம்மாத்திரம். இரண்டு அறுப்புக்குள் சத்தம் ஆரம்பித்துவிட்டது. பையன் பந்தை உதைத்தால் பொம்மையின் தலை லேசாக ஆடும். எதிரி கோல் போடக் கிட்டே வந்தால் இடுப்பும் சேர்ந்து ஆடும். புவிசார் குறியீடு வாங்கிய வெப்பமானி உலகத்தில் அது ஒன்றுதான் இருந்திருக்கும். மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலம் அது. உள்ளே "உர்ர்ர்" என்று கேட்டதும் தாத்தா, கரண்ட் வந்து போர் மோட்டார் ஓடுகிறதென்று துண்டை உதறிக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார். பாதி வரப்பில், மடையில் தண்ணீர் வராததைப் பார்த்துத் திரும்பி வருவார். வந்து யாரையும் திட்டமாட்டார். ஷோகேசை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார்.

கடைசியில் பெட்டியே வாய் திறந்தது. சூடு அதிகமாகிவிட்டது, அணைத்துவிட்டு ஆறும்வரை பொறு என்று திரையில் எழுதிக் காட்டியது. பையன் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடத் தேவையும் இல்லை. பேரிங் சத்தம் நாலு வீடு தாண்டிக் கேட்கிற காது சித்தப்பாவுக்கு.

"தம்பி, இதுல தெறக்கிற எடம் எது?"

"தெறக்கக் கூடாது சித்தப்பா. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க. பிரிச்சா வாரண்டி போயிடும்."

"வாரண்டி எது வரைக்கும்?"

"போன வருசமே முடிஞ்சிடுச்சு."

"போனது எப்படிடா திரும்பப் போகும்?"

இந்த ஸ்டிக்கர் விஷயத்தில் நியாயம் அவர் பக்கம்தான். இப்படி ஸ்டிக்கர் ஒட்டிப் பயமுறுத்தி வாரண்டியை மறுப்பது சட்டப்படி செல்லாது என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2018-ல் சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ உட்பட ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சித்தப்பாவுக்கு இந்தச் சங்கதி தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பார்.

ஸ்டிக்கருக்குக் கீழே திருகாணி. ஆறு முனை நட்சத்திரக் குழி, நட்டநடுவில் ஒரு குமிழ். டெஸ்டர் நுழையாது, கத்தி முனை நுழையாது. சித்தப்பா இதைச் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். "நம்மள நம்பாமத்தானடா இப்படிப் பண்ணியிருக்கான்" என்றார். உண்மையும் அதுதான். தஞ்சாவூர்க் கீழவாசல் பக்கம் போய் நட்சத்திரத் திருப்புளி செட் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினார். அன்று காபிகூடக் குடிக்கவில்லை.

திண்ணையில் பழைய பேப்பர் விரிக்கப்பட்டது. கழற்றுகிற திருகாணிகளுக்கு எவர்சில்வர் தட்டு. செல்போன் டார்ச் பிடிக்கப் பையன். சித்தப்பாவின் ராஜ்யத்தில் டார்ச் பிடிப்பவனுக்குக் கை உண்டு, வாய் கிடையாது. ஆனாலும் அவன்தான் முந்திக்கொண்டு, பவர் சப்ளை இந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்றான். சித்தப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. பிக்சர் டியூப் ஞாபகம். பிளக்கைப் பிடுங்கி, ஒரு வெற்றிலை போட்டு, துப்பிவிட்டு வந்து, மறுபடி டெஸ்டர் வைத்துப் பார்த்தார். பவர் சப்ளையை அதன் உறை பிரிக்காமல் அப்படியே தூக்கி ஓரமாக வைத்தார். அந்த வீட்டில் அவர் பிரிக்காமல் விட்ட ஒரே சாமான் அதுதான்.

அதன் அடியில் இருந்தது சங்கதி. சூட்டைக் கடத்தும் உலோகத் தகடுகள், நகம் நுழையாத நெருக்கத்தில், வரிசையாக. அந்த இடுக்கை அடைத்துச் சாம்பல் நிறத்தில் ஒரு தூசிப் படலம், விரலால் தூக்கினால் கம்பளித் துண்டமாக அப்படியே பெயர்ந்து வந்தது. அதற்குள் உமி. அரை அங்குல வைக்கோல் துணுக்கு. பாட்டியின் குரோஷா நூல். ஒரு கரப்பான், கால்களை மடக்கி, நல்ல கதகதப்பில் கண்ணை மூடியிருந்தது. சித்தப்பா அந்தத் துண்டத்தைத் தாத்தாவிடம் காட்டினார். தாத்தா உமியை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்து, "பொன்னி" என்றார்.

"காத்து போக வழியில்ல. அதான். போர் மோட்டாரா இருந்தாலும் இதான், ஃபாரின் சாமானா இருந்தாலும் இதான்" என்றார் சித்தப்பா. முழுக்க முழுக்கச் சரி. தேர்ந்த பொறியாளர் வந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். இங்கேயே அவரை மாலை போட்டு அனுப்பியிருந்தால் கதை சுபம். சித்தப்பாவைப் பொறுத்தவரை நோய் கண்டுபிடிப்பதில் ஒரு குறையும் கிடையாது. வைத்தியத்தில்தான் நமக்கு அடிவயிறு கலங்கும். கொல்லைப்புறம் போனவர், வயலுக்கு முதுகில் மாட்டி மருந்தடிக்கிற பெட்ரோல் பவர் ஸ்பிரேயரோடு வந்தார்.

"என்னங்க, அது பூச்சி மருந்து அடிக்கிறது" என்றார் சித்தி.

"இதுலயும் பூச்சி இருக்குல்ல?"

பையன் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டான். அவ்வளவு வேகமாகக் காற்றடித்தால் விசிறி கண்டபடி சுற்றி பேரிங் போய்விடும், சுற்றுகிற மோட்டார் மின்சாரத்தைப் பலகைக்குள் திருப்பி அனுப்பினாலும் அனுப்பும் என்று மன்றாடினான். சித்தப்பா யோசித்தார். "சைக்கிள் டைனமோ மாதிரியா?" என்றார். ஸ்பிரேயர் கொல்லைக்குத் திரும்பியது. அவரிடம் எனக்குப் பிடித்தது இதுதான். கெஞ்சினால் கேட்கமாட்டார், காரணம் சொன்னால் கேட்பார்.

அடுத்தது பஞ்சர் கடை கம்ப்ரஸர். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும் என்று பையன் சொல்ல, கொள்முதல் நிலையத்தில் ஒவ்வொரு அறுப்புக்கும் நெல்லோடு நிற்கிற மனிதர் திகைத்துப்போனார். "காத்துலயுமாடா ஈரப்பதம் பாக்குறாங்க? 17-க்கு மேலயா?" கடைசியில் புது பெயிண்ட் பிரஷ் ஒன்று, விசிறி சுற்றாமல் இருக்க இறக்கைக்கு இடையில் ஒரு தீக்குச்சி, கையால் அமுக்கி ஊதுகிற ரப்பர் குமிழ். சுத்தம் செய்ய அரை மணி நேரம் ஆனது. சண்டைக்குத்தான் ஒரு மத்தியானம் முழுக்க.

சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பசை இருக்கும். இரண்டு பரப்பு எவ்வளவு இழைத்தாலும் முழுக்கப் பொருந்தாது. இடையில் நிற்கிற காற்று சூட்டைச் சரியாகக் கடத்தாது. பசை அந்த இடைவெளியை நிரப்பும். வருஷக் கணக்கில் சூடு பட்டால் காய்ந்து பொருக்காகிவிடும். சித்தப்பா கேட்டது போர் மோட்டார் கிரீஸ். கூடாது என்றதும் பற்பசை. அதுவும் கூடாது என்றதும், "அப்ப விபூதியக் கொழச்சு வெச்சுக் கும்பிட்டுக்க" என்று கோபித்துக்கொண்டு எழுந்தார். கம்ப்யூட்டர் கடையில் வாங்கிய பசை வந்தது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஸ்பிரிட்டால் பழைய பொருக்கைத் துடைத்தார்கள். புதுப் பசை ஒரு உளுந்தளவுதான் வைக்க வேண்டும் என்றபோது சித்தப்பாவின் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. அவ்வளவு பெரிய ட்யூபில் அவ்வளவு சிறிய சோலியா?

மூடினார்கள். தட்டில் ஒரு திருகாணி மிஞ்சியது. இது எல்லா ஊர்ச் சித்தப்பாக்களுக்கும் பொதுவான விஷயம், விட்டுவிடலாம்.

பெட்டி ஓடியது. சத்தமில்லை. ஷோகேசிலிருந்து வெளியே எடுத்து நாற்புறமும் காற்றோட்டமாக மேஜைமேல் வைத்தார்கள். குரோஷா துணி ரேடியோவுக்குத் திரும்பியது. பொம்மை ஆடவில்லையே என்று பாட்டி மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

சித்தப்பா கண்ட அதே உண்மையைக் காண வெளிநாட்டில் பெரும் பணம் செலவாகியிருக்கிறது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகள் சூடேறி, ஆறி, சூடேறி, சிப்பின் உள்ளிருந்த நுண்ணிய பற்றவைப்புகள் விரிசல் விட்டு, முகப்பில் சிவப்பு வளையம் காட்டிப் படுத்துக்கொண்டன. 2007 ஜூலையில் அந்த நிறுவனம் வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டி வந்தது. அந்த ஊர்ச் சித்தப்பாக்கள் சும்மா இருந்தார்களா? பெட்டியைத் துண்டால் சுற்றி மேலும் சூடேற்றினார்கள். பிஎஸ்3 பலகையை பேக்கிங் அடுப்பில் வைத்து வாட்டினார்கள். சிலது பிழைத்து, சில நாள் ஓடி, மறுபடி செத்தன. நம் வீடுகளில் அப்படியொரு அடுப்பு இல்லாததை இந்த ஒரு விஷயத்தில் பாக்கியம் என்றே சொல்ல வேண்டும். இட்லிக் கொப்பரையைச் சித்தப்பா ஒரு தரம் யோசனையோடு பார்த்ததாகச் சித்தி சொல்கிறார்.

இந்தியாவில் 2021 பிப்ரவரியில் வந்த பிஎஸ்5 இப்போது அந்த வீட்டிலும் இருக்கிறது. பையன் முதல் நாளே சித்தப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இதில் சிப்பின்மேல் பசையில்லை, காலியம் கலந்த திரவ உலோகம் இருக்கிறது, சிந்தினால் மின்சாரம் பாய்ந்து பலகை போய்விடும், அலுமினியத்தில் பட்டால் அதையும் அரித்துவிடும், ஆகையால் தகட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கப் பார்த்தான். சித்தப்பா கேட்டுக்கொண்டார். பிடி கொடுக்கவில்லை.

"சரி, தூசி எப்படி எடுக்கிறது?"

"அதுக்கு ஈசி சித்தப்பா. இந்த மூடிய இப்படி லேசா தூக்கித் தள்ளுனா கையோட வந்துடும். உள்ள தூசி சேர்றதுக்குன்னே ஓட்டை வெச்சிருக்கான். வேக்குவம் கிளீனர் வெச்சு உறிஞ்சிக்கலாம்."

"திருகாணி?"

"மூடிக்குத் திருகாணியே கெடயாது."

சித்தப்பா பெட்டியை மேலும் கீழும் பார்த்தார். நட்சத்திரத் திருப்புளி செட்டை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"திருகாணி இல்லாம தெறக்குதுன்னா, அது என்னடா சாமான்" என்று எழுந்தவர், அடுக்களைப் பக்கம் காதைச் சாய்த்தார். "ஏம்மா, அந்த மிக்சி சத்தம் ஒரு மாதிரியா இல்ல?"

சித்தி சட்னியோடு மிக்சியைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளறையில் தாழ் போட்டுக்கொண்டார்.