இரண்டாவது மாங்கனி

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமி மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். கீழே ஏந்தி நிற்கும் கூட்டத்தில் ஒருவர்கூட "இது ஏது?" என்று கேட்பதில்லை.

ஆனால் காரைக்கால் அம்மையாராகிய புனிதவதி தந்த மாம்பழத்தைப் பார்த்து அவள் கணவன் பரமதத்தன் கேட்டான். இறைவன் தந்தது என்றாள் புனிதவதி. "அப்படியானால் இன்னொன்று வரவழை!" வருமானவரிக்காரர்கள்கூட இவ்வளவு துருவமாட்டார்கள். பழம் வந்தது, அவன் கையில் வாங்கியதும் மறைந்தது. சந்தேகம் தீர்ந்ததா? தீர்ந்தது, ஆள் கப்பலேறிவிட்டான். பாண்டி நாட்டில் வேறு கல்யாணம். பிறந்த பெண்ணுக்கும் புனிதவதி என்றே பெயர் வைத்தான், உறவினர் அழைத்துவந்த முதல் மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுந்தான் என்கிறார் சேக்கிழார். கேட்ட ஆதாரத்தைக் கொடுத்துவிட்டால் அப்புறம் கூட வாழ ஆள் இருக்கமாட்டான் போலிருக்கிறது.

அம்மையார் அழகை உதறிப் பேயுரு கேட்டு வாங்கினார். பார்த்தவர்கள் ஓடினார்கள். அவரோ கயிலைக்குத் தலையாலேயே நடந்தார். பாட்டில் தம்மைக் 'காரைக்கால் பேய்' என்றே சொல்லிக்கொண்டார்; ஊர் பட்டப்பெயர் வைக்க இடமே விடவில்லை. அவர் பாடிய அற்புதத் திருவந்தாதி மட்டுமே 101 வெண்பா.

கோயில்களில் நாயன்மார் அறுபத்துமூவர் வரிசையைப் பாருங்கள். மற்றவர்கள் நிற்க, அம்மையார் உட்கார்ந்திருப்பார். தலையால் நடந்த களைப்பாக இருக்கும்.